சாப்பாட்டு நேரம் போக

போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கிடங்குக்கு மேலே, ஒரே ஒரு ஜன்னல் வைத்த அறைதான் ரேணுகாவின் ஆபீஸ். எஸ்டேட்டு மலையில், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே காய் எடுக்கும் அறுபது பெண்களும் எத்தனை மணிக்கு வேலைக்கு இறங்கினார்கள், எத்தனை மணிக்கு முடித்தார்கள் என்று கங்காணி தாளில் எழுதி, படம் பிடித்துப் போனில் அனுப்புவார். அதைக் கம்ப்யூட்டர் ஷீட்டில் கட்டம் கட்டமாக ஏற்றுவது இவள் வேலை.

அந்த அறுபது பேரில் ஒருத்தி அவள் அக்கா பொன்னுமணி. அம்மா போனபோது அக்காவுக்குப் பதினேழு வயது, ரேணுகாவுக்கு நாலு. அந்த வாரமே அக்கா தோட்டத்து ஜீப்பில் ஏறிவிட்டாள். பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம் “தங்கச்சி படிக்குறா” என்று சொல்லித் திருப்பி அனுப்பினாள். தங்கச்சி பி.காம். முடித்து நிமிர்ந்தபோது, கேட்டு வர ஒருவரும் இல்லை. அதைப் பற்றி அக்கா குறைப்பட்டுக்கொண்டதே கிடையாது. குறைப்பட்டிருந்தால் ரேணுகாவுக்கு இப்போது கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முன்பெல்லாம் நோட்டுதான். வந்தவள் பெயருக்கு நேரே ஒரு கோடு, அது முழு நாள். மூடுபனியில் ஜீப்பு அரைமணி பிந்தி வந்தாலும் அதே கோடுதான். போன வருஷம் மேனேஜர் சின்னச்சாமி, எல்லாம் மணிக்கணக்கில் வேண்டும் என்றார். ரேணுகா மூன்று நாள் உட்கார்ந்து ஃபார்முலா போட்டாள். முடித்த நேரத்திலிருந்து ஆரம்பித்த நேரத்தைக் கழி, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழி. எட்டு வந்தால் முழு நாள், ஒரு நிமிஷம் குறைந்தாலும் அரை நாள். சின்னச்சாமி வாயாரப் புகழ்ந்தார். அன்றைக்கு அவள் வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனாள்.

அக்கா பூண்டு உரித்தபடியே எல்லாம் கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஏத்தா, அஞ்சே காலுக்கு ஜீப்புல ஏறுறேன். ஏழரைக்கு எறங்குறேன். அந்த ரெண்டே கால் மணி நேரம் உன் பொட்டியில எங்க இருக்கு?”

“அது போற நேரம்க்கா. சோலி பாக்குற நேரம் இல்ல.”

“அப்ப அந்நேரம் நான் எங்க இருக்கேன், வீட்லயா?”

ரேணுகா சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். 

மழைக்காலம் வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பனி இறங்கினால் டிரைவர் விஜயபாண்டி ஹாரன் அடித்து அடித்து, வண்டியை உருட்டிக்கொண்டுதான் போவான். பத்து நிமிஷம் பிந்தும். ஷீட்டில் ஏழு மணி ஐம்பது நிமிஷம் என்று விழும், நாள் அரையாகும். சாயங்காலம் வரை குனிந்து காய் எடுத்தவளுக்கு அரை நாள். ஆபீஸில் வந்து சண்டை போட யாருக்கும் தெம்பில்லை, பெண்கள் விஜயபாண்டியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். “வெரசா போ அப்பு, அரை நாளாக்கிப்புடாத” என்று தானும் அவனை விரட்டுவதாக அக்காவே ஒருநாள் வீட்டில் சொன்னாள். ரேணுகாவுக்குச் சுருக்கென்றது. கால் மணி நேரம் விட்டுக்கொடுத்து ஃபார்முலாவைத் திருத்த ஐந்து நிமிஷம் போதும். மேனேஜரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று இருந்தாள். கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. அக்கா தூக்குச்சட்டியை மறந்துவிட்டுப் போக, ரேணுகா தெருமுனைக்கு ஓடி, கிளம்பிய ஜீப்பில் அதைக் கொடுத்தாள். அப்போது மணி ஐந்தே கால். அக்கா எப்போதும் போல இளம்பெண்களை உள்ளே ஏற்றிவிட்டுப் பின்னால் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். “புளிச்சோறா?” என்று கேட்டாள். ஆமாம் என்று இவள் சொல்வதற்குள் வண்டி போய்விட்டது.

பனி மூடிய வளைவில், பிந்தாமல் போய்ச் சேர விரட்டிய ஜீப்பு பாறையில் மோதிக் கவிழ்ந்தது. மற்றவர்களுக்குக் கை கால் முறிவு. விஜயபாண்டிக்கு நெற்றியில் தையல். அக்கா மட்டும் பிழைக்கவில்லை. போலீஸ் காகிதத்தில் ஆறு நாற்பது என்று நேரம் எழுதியிருந்தது.

பத்தாம் நாள் ரேணுகா ஆபீஸுக்குப் போனாள். அக்கா செத்தது வேலையிலா, வெறும் வழியிலா என்று தொழிலாளர் ஆபீஸிலிருந்து கேட்டு, அன்றைய ஷீட்டை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அக்கா பெயருக்கு நேரே காலியாக இருந்தது. இருபத்தேழு வருஷம் அந்த மலைக்குப் போனவளை, வழியில் போன யாரோ என்று அந்தக் காலிக் கட்டம் சொல்லிவிடப் போகிறது.

சின்னச்சாமி கெட்டவர் இல்லை. பாடைக்குத் தோள் கொடுத்தவர். தயங்கித்தான் சொன்னார்.

“எறங்குனாத்தான ஆத்தா நேரம் போட முடியும்? காலியாவே இருக்கட்டும். நான் என்ன செய்ய, நீ போட்ட கணக்குத்தான அது.”

ரேணுகா தன் இடத்தில் போய் உட்கார்ந்து, ஆரம்பித்த நேரத்தில் 5:15 என்று அடித்தாள். முடித்த நேரத்தில் 6:40. பக்கத்துக் கட்டத்தில் 0:25 என்று வந்தது.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒரு மணி இருபத்தைந்து நிமிஷம் வர வேண்டும். இன்னொரு தரம் எண்ணினாள். ஒரு மணி நேரம் எங்கே போனது என்று அப்புறம்தான் விளங்கியது. சாப்பாட்டுக்கு என்று அவள் சொல்லி வைத்தபடி ஃபார்முலா கழித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அக்காவின் துணிகளோடு அந்தத் தூக்குச்சட்டியையும் கொடுத்திருந்தார்கள். மூடி நசுங்கி இறுகிப்போயிருந்தது. வீட்டில் நெம்பித் திறந்தபோது, புளிச்சோறு ரேணுகா அமுக்கி வைத்தது வைத்தபடி இருந்தது.

அக்காவின் வரிசையில் மட்டும் அந்த ஒரு மணி நேரக் கழிவை அழித்தாள். 1:25 என்று மாறியது. பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, சின்னச்சாமியின் மேஜையில் வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தார்.

“நேரத்த நீயே போட்டுட்ட, சரி. சாப்பாட்டு நேரத்தக் கழிக்கலையே?”

“அக்கா அன்னைக்குச் சாப்பிடலண்ணே” என்றாள் ரேணுகா.