மாதம் ஒருமுறை கேட்ட அனுமதி

யோகலிங்கம் பேசத் தொடங்கினால் மற்றவர்கள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள். அவருடைய மனைவி சிவனேஸ்வரிக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இலண்டன் பிளேஸ்டோவில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் ஞாயிறு பின்னேரங்களில் ஐந்தாறு பேர் கூடுவார்கள். ஊர்ச் செய்தி வரும், சண்டைச் செய்தி வரும், கடைசியில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் கொழும்பில் பாராளுமன்றத்தில் வேலை செய்தவர். சிங்களத்தில் உறுப்பினர்கள் பேசப் பேச, கண்ணாடி அறைக்குள் இருந்தபடி அதைத் தமிழில் சொல்லுகிற உரைபெயர்ப்பாளர்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் அவர்கள் இருந்த வீடு எரிந்தது. அகதி முகாமில் இரண்டு கிழமை இருந்துவிட்டு, யாரோ கொடுத்த சேர்ட்டைப் போட்டுக்கொண்டு அவர் வேலைக்குத் திரும்பிப் போனார். போகவேண்டாம் என்று சிவனேஸ்வரி அழுதாள். அவர் கேட்கவில்லை. தனிநாடு கேட்பதில்லை என்று சத்தியம் செய்ய மறுத்ததால், வடக்கிலிருந்து வந்த தமிழ் உறுப்பினர்களின் கதிரைகள் அந்த வருடத்தோடு வெறுமையாகிப் போயின. மிஞ்சியிருந்த சிலருக்காக அவர் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கண்ணாடி அறைக்குள் பேசிக்கொண்டிருந்தார். எண்பத்தைந்தில் இருவரும் இலண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தூக்கினார். பிறகு ஃபாரஸ்ட் கேற்றில் ஒரு சொலிசிற்றரிடம் அகதி வழக்குகளுக்கு மொழிபெயர்க்கிற வேலை கிடைத்தது. அவள் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறினாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அந்த முன்னறையில் யோகலிங்கம் சொல்லுவதெல்லாம் ஒன்றைச் சுற்றியே இருக்கும். ஜனாதிபதியின் கை நீளம்தான். படைக்கு அவர்தான் தலைவர். அவரைக் கோட்டுக்கு இழுக்கவும் ஏலாது. ஆனாலும் அவசரகாலச் சட்டம் இல்லாமல் இந்தச் சண்டையை இப்படி நடத்த முடியாது, அந்தச் சட்டத்தை மாதா மாதம் பாராளுமன்றத்துக்குக் கொண்டுபோய் நீடிக்கக் கேட்கவேண்டும். ஒரு மாதம் அவர்கள் 'இல்லை' என்று சொன்னால் அவ்வளவுதான், சண்டை நின்றுவிடும். பலசரக்குக் கடை வைத்திருந்த ஸ்ரீஸ்கந்தராஜா, இத்தனை வருடமாக ஒரு மாதமாவது 'இல்லை' என்று சொன்னதாகக் கேள்விப்படவில்லையே என்று நக்கலாகச் சொல்லுவார். யோகலிங்கத்துக்குக் கோபம் வராது. கதவு இருக்கிறது, திறக்கத்தான் ஆள் வேண்டும் என்பார்.

தொண்ணூற்று நான்கில் சமாதானம் என்று சொல்லி ஒரு புதிய அரசாங்கம் வந்தது. புதிய ஜனாதிபதியும் அதைச் சொல்லியே பெரும் வெற்றி பெற்றார். அடுத்த தையில் போர்நிறுத்தம் வந்து துவக்குகள் ஓய்ந்தன. யோகலிங்கம் பத்து வருடம் இளமையாகிவிட்டவர் போல நடந்தார். சொலிசிற்றர் அலுவலகத்திலிருந்து வரும்போது சிவனேஸ்வரிக்குப் பூ வாங்கி வந்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் அப்படிச் செய்ததில்லை.

அந்த மாசியில் ஒரு சனிக்கிழமை காலை, சிவனேஸ்வரியின் தம்பி பாலேந்திரா கொழும்பிலிருந்து ரெலிபோன் எடுத்தான். தாய் செத்தபோது அவனுக்கு ஐந்து வயது. அவள்தான் அவனைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய் வளர்த்தாள். இப்போது அவன் யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடைக்கு மனேச்சர். சண்டை ஓய்ந்ததும் மனைவி தவமலரையும் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்திருந்தான். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் எல்லாவற்றையும் ஆயத்தமாக வைத்திருந்தான். ஓம் என்றால் அடுத்த கிழமை மூவரும் வெளிக்கிடலாம். ஆனால் ஊரில் எல்லோரும் சமாதானம் வந்துவிட்டது என்கிறார்களே, அத்தான் என்ன சொல்லுகிறார் என்று அறியவே எடுத்ததாகச் சொன்னான்.

யோகலிங்கம் றிசீவரை வாங்கினார்.

"தம்பி, வடிவாக் கேள். ஜனாதிபதி எண்டாலும் தன்ரை எண்ணத்துக்குச் சண்டை நடத்த ஏலாது. பாராளுமன்றத்திட்டைப் போய்க் கேக்கவேணும். இப்ப அங்கை இருக்கிறவை சமாதானம் எண்டு சொல்லி வோட்டு வாங்கினவை. வீடு வாசலை விட்டிட்டு ஏன் இஞ்சை வந்து அகதி எண்டு நிக்கப்போறாய்? கொஞ்ச நாள் பொறுத்துப் பார்."

றிசீவர் மறுபடி அவள் கைக்கு வந்தது. "அக்கா, நீ என்ன சொல்லுறாய்?" என்று பாலேந்திரா கேட்டான்.

வா என்றுதான் அவள் வாயில் வந்தது. பத்து வருடமாக அவனைக் காணவில்லை. அவன் மகளை அவள் போட்டோவில் மட்டும்தான் பார்த்திருந்தாள். ஆனால் எதிரே நின்ற புருசனின் முகத்தைப் பார்த்தாள். எரிந்த வீட்டிலிருந்து வெளியே வந்த நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் கண்டதில்லை.

"அத்தான் சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

அவன் குடும்பத்தோடு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போனான்.

சித்திரையில் போர்நிறுத்தம் முறிந்தது. முறித்தது அரசாங்கத்தோடு சண்டை பிடித்த தமிழ் இயக்கம், திருகோணமலையில் கடற்படைக் கப்பல்களைத் தாக்கியது. யோகலிங்கம் வானொலிக்கு முன்னால் இருந்தவர் எழும்பவில்லை. அரசாங்கத்தின் சட்டப் புத்தகத்தைத் தான் வரி வரியாக அறிந்திருந்ததும், மறுபக்கத்தில் அப்படி ஒரு புத்தகமே இல்லை என்பதை எண்ணிப் பார்க்காததும் அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கவேண்டும். பிறகு, இப்போதுதான் பாராளுமன்றம் தேவை, நிதானமாக இருக்கச் சொல்லுவார்கள் என்றார். அந்த மாதம் அவசரகாலச் சட்டம் நீடிக்கப்பட்டது. அடுத்த மாதமும் நீடிக்கப்பட்டது. சமாதானம் என்று வோட்டுக் கேட்ட கைகளே உயர்ந்தன. அடுத்த மாதம் பார்ப்போம் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். முன்னறைக்கு ஆட்கள் வருவது குறைந்தது.

ஐப்பசிக் கடைசியில், படை நெருங்கி வர, கொட்டும் மழைக்குள், யாழ்ப்பாணச் சனம் முழுவதும் ஒரே பாதையால் இடம்பெயர்ந்தது. அதற்குப் பிறகு பாலேந்திராவைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. சிவனேஸ்வரி பள்ளிக்கூடத்தில் தட்டுகளில் உருளைக்கிழங்கு போட்டபடி நிற்கும்போது, முன்னால் நிற்கிற பிள்ளை போதும் என்று சொல்லுவது காதில் விழாமல் போட்டுக்கொண்டே இருப்பாள். ஊரிலிருந்து வந்தவர்கள் இருக்கும் வீடுகளுக்கெல்லாம், நோர்பரி வரைக்கும், பஸ் ஏறிப் போய் விசாரித்தாள். சாவகச்சேரியில் கண்டதாக ஒருவர் சொன்னார். கிளிநொச்சியில் என்றார் இன்னொருவர்.

தொண்ணூற்றேழு வைகாசியில் தவமலர் ரெலிபோன் எடுத்தாள். வன்னியிலிருந்து மகளோடு வவுனியாவுக்கு வந்து ஒரு முகாமில் இருந்தாள். முந்தின வருடம் ஆவணியில், கிளிநொச்சிக்கு வெளியே ஒரு மரத்தடியில் இருந்தபோது ஷெல் விழுந்து பாலேந்திரா செத்துப்போனான். அந்த இடத்திலேயே தாட்டார்கள். இதையெல்லாம் அவள் அழாமல் சொன்னாள்.

"மச்சாள், அவர் யோகலிங்கம் அண்ணையை ஒருநாளும் குறை சொல்லேல்லை. ஓடுற இடமெல்லாம், 'அத்தான் சொன்னவர், அடுத்த மாதம் நிப்பாட்டுவினம்' எண்டுதான் சொல்லிக்கொண்டு வந்தவர்."

அந்தச் சொல்லை யோகலிங்கத்திடம் சொல்லக்கூடாது என்று சிவனேஸ்வரி நினைத்தாள். ஆனால் அவர் பக்கத்தில்தான் நின்றார். சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர்கள் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் நல்லது என்று அவள் பின்னாளில் நினைத்ததுண்டு. தம்பிக்குச் செய்த அந்தியேட்டிக் கிரியைக்கு அடுத்த நாள், சாப்பாட்டு மேசையில் இருந்தபடி அவள் கேட்டாள்:

"நீங்கள் சொன்னது பிழையோ?"

"சொன்னதிலை பிழை இல்லை. எல்லாம் எழுதின மாதிரித்தான் நடந்தது. மாதா மாதம் கேட்டவை. மாதா மாதம் ஓம் எண்டவை."

"இல்லை எண்டு சொல்ல ஏலும் எண்டனீங்களே."

"ஏலும்." சோற்றைப் பிசைந்த கையை அவர் எடுக்கவில்லை. "ஏலும் எண்டதை, சொல்லுவினம் எண்டு நினைச்சிட்டன்."

அவள் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். உரைபெயர்ப்பாளன் 'அமைச்சர் இப்படிச் சொல்லுகிறார்' என்று சொல்லக்கூடாது. பேசுகிறவராகவே நின்று, நான் என்றுதான் சொல்லவேண்டும். 'அவசரகாலச் சட்டத்தை நீடிக்கவேண்டுமென நான் பிரேரிக்கிறேன்.' வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு மாதா மாதம் தமிழில் அதைச் சொன்னது தன் குரல்தான் என்றார். அப்போது அவருக்கு அது ஒரு வேலையாகத்தான் தெரிந்ததாம். அவள் தட்டை எடுத்துக் கழுவப் போனாள்.

தவமலரையும் பிள்ளையையும் இலண்டனுக்கு எடுக்க அவள் எத்தனையோ வழி பார்த்தாள். ஒரு வழி சரிவரும் போல இருந்தபோது, தவமலரே வேண்டாம் என்றுவிட்டாள்.

"எனக்கு அண்ணையிலை கோவம் இல்லை, மச்சாள். எண்டாலும் ஒவ்வொரு நாளும் அந்த முகத்தைப் பாக்க ஏலாது. உங்கடை முகத்தையும்தான்."

பிறகு தாயும் மகளும் மன்னாரால் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள் என்று கேள்வி. முகாம் எது என்று தெரியவில்லை. தவமலர் திரும்ப ரெலிபோன் எடுக்கவில்லை.

யோகலிங்கம் சொலிசிற்றர் வேலையை விட்டார். உண்மையைச் சொல்லுகிற சனத்துக்கு முன்னால் தன்னால் வாய் திறக்க ஏலாது என்றார். ஒரு சுப்பர்மாக்கற்றில் அலுமாரிகளில் சாமான் அடுக்குகிற வேலைக்குப் போனார். அங்கே யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை.

தொண்ணூற்றொன்பது மார்கழியில் இலங்கையில் மறுபடியும் ஜனாதிபதித் தேர்தல் வந்தது. ஈஸ்ட் ஹாமில் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டுக்குப் பிறகு, பழைய ஆட்கள் சிலர் யோகலிங்கத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். இந்தமுறை யார் வந்தாலும் சண்டையை நிப்பாட்ட வழி இருக்கிறதா, சட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஸ்ரீஸ்கந்தராஜா கேட்டார். அதில் நக்கல் இருக்கவில்லை. அவருடைய தங்கச்சி குடும்பம் அப்போதும் வன்னியில்தான்.

யோகலிங்கம் தனக்குத் தெரியாது என்றார். தெரியாமலிருக்குமா என்று அவர்கள் விடாமல் கேட்டார்கள். அவர் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சிவனேஸ்வரி மணமக்களிடம் சொல்லிக்கொண்டு வந்து பார்த்தபோது, அவர் பஸ் தரிப்பிடத்தில் நின்றார். பஸ் வந்தது. அவர் ஜன்னலோரமாக இருந்தார். பக்கத்து இடம் வெறுமையாகத்தான் இருந்தது. அவள் பின் இருக்கையில் போய் இருந்தாள்.