பூட்டக்காவின் இடது கை

பூட்டக்காவின் இடது கை முழங்கைக்குக் கீழே சற்றுக் கோணலாக இருக்கும். பெண்கள் சிறையில் வார்டராக அவள் கழித்த முப்பத்தோரு வருடத்தில் சம்பாதித்த மரியாதையில் பாதி அந்தக் கோணலுக்குத்தான் சேரும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களிடம், கைதி ஒருத்தி அடித்து ஒடித்த கை என்று நாங்கள் அதைக் காட்டித்தான் பயமுறுத்துவோம். ஒவ்வொரு பூட்டையும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள் என்பதால் பூட்டக்கா என்று பெயர். கைகலப்பு வந்தால் வலது கையாலேயே ஒருத்தியின் கழுத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடுத்தவளின் வயிற்றில் முழங்காலை இறக்குவாள். மண்டை உடைவதும் பல் போவதும் எங்களுக்கு வாரத்தில் இரண்டு தடவை. நான் அவளோடு பதினோரு வருடம் வேலை பார்த்தவள். நானும் ஒன்றும் சாது இல்லை.

அப்பேர்ப்பட்டவள் வீட்டில் அடி வாங்கினாள். அவள் புருஷன் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். வெளியில் வாயைத் திறக்க மாட்டான். வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் கைக்கு அகப்பட்டதால் அடிப்பான். பெல்ட், குக்கர் மூடி, ஸ்பேனர் என்று ஒரு பாகுபாடும் கிடையாது. வீங்கிய முகத்தோடு வேலைக்கு வருவாள். கேட்டால், "படியில விழுந்துட்டேன்" என்பாள். அவள் வீடு தரைத்தளம். ஏறி இறங்க ஒரு படிகூட இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் மேற்கொண்டு கேட்டதில்லை.

நான் மட்டும் ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "ஏன்க்கா, நீங்க திருப்பி ஒண்ணு குடுத்தா அந்த ஆளு தாங்குவானா?"

"கைதியை அடிச்சா கதவைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போயிடலாம். இவனை அடிச்சிட்டு எங்கடி போறது?"

அவள் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருந்தபோது வெல்டர் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தான். அவள் அழவில்லை. நான் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பென்ஷன் விவகாரம். எங்களைப் போன்ற அரசு ஊழியர்களுக்குத் தனி பென்ஷன். வெல்டர் மாதிரியானவர்களுக்குப் பொது நிதியிலிருந்து வருவது வேறு. அவன் செத்தால் பெண்டாட்டிக்கு அவன் பங்கு வர வேண்டும். ஆனால் பெண்டாட்டி தனி பென்ஷன்காரியாக இருந்தால், அவளுடையதில் மூன்றில் இரண்டு பங்கை அவன் பங்கிலிருந்து கழித்துவிட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அக்காவுக்குக் கழித்தது போக மிஞ்சியது பூஜ்யம். பக்கத்து வீட்டில் ஒரு நாளும் வேலைக்குப் போகாதவளுக்கு முழுசாக வந்தது; முப்பத்தோரு வருடம் உழைத்தவளுக்கு ஒன்றும் இல்லை. இந்த விதியை எழுதியவன் கையில் கிடைத்திருந்தால் நானே ஒரு கை பார்த்திருப்பேன்.

ஓய்வு பெற்றவர்கள் சங்கம் எட்டு வருடம் போராடியது. ஒரு தடவை அலுவலக வாசலில் தள்ளுமுள்ளாகி, அறுபது வயதுக்காரி அக்கா ஒரு போலீஸ்காரனின் தடுப்புப் பலகையைப் பிடுங்கி அவன் முழங்காலிலேயே போட்டாள். உன் பென்ஷனே உனக்குப் போதாதா என்று ஆள் ஆளுக்குக் கேட்டார்கள்.

"அவன் கையால அத்தனை அடி வாங்கியிருக்கேன். அந்தக் கையிலேர்ந்து எனக்கு ஒண்ணே ஒண்ணு வரணும்" என்றாள்.

ஒரு வழியாக விதியை எடுத்தார்கள். எல்லாரும் மனுப் போட்டார்கள். அக்காவின் மனு மட்டும் திரும்பி வந்தது. வெல்டர் கடைசிக் காலத்தில், அவளுக்கு ஒன்றும் போய்ச் சேரக் கூடாது என்ற வன்மத்தில், பத்து வருடமாகவே பிரிந்து வாழ்வதாகத் தொழிற்சாலையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அந்தப் பத்து வருடத்திலும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சியம் கேட்டார்கள். வீடு அவள் பெயரில். ரேஷன் முதல் மின்சாரம் வரை எல்லாம் அவள் பெயரில். அவன் அங்கே இருந்ததற்கு அடையாளம் என்றால் அவள் உடம்புதான். கடைசியில் எதிர்வீட்டு டீச்சர் கை கொடுத்தாள். அவன் அடித்ததைப் பார்த்துவிட்டு என்றோ தான் போலீசில் கொடுத்த புகாரின் ரசீதைப் பத்திரமாக வைத்திருந்தாள். அதைக் காட்டி ஸ்டேஷனில் நகல் வாங்கினார்கள்.

பென்ஷன் அலுவலகத்துக்குத் துணையாக நான் போனேன். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்த நகலைப் படித்தேன். இன்ன முகவரியில், புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, கணவர் இரும்புக் குழாயால் தாக்கியதில் மனைவியின் இடது கை முறிந்திருக்கிறது. விசாரிக்கப் போனபோது மனைவி புகார் இல்லை என்று சொல்லிவிட்டார். கீழே தேதி.

அந்தத் தேதி எனக்கு மறக்கவே மறக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த பத்தொன்பதாம் நாள். சிறையின் காயப் பதிவேட்டில் நான் முதல் கையெழுத்துப் போட்ட நாள்.

"அக்கா, அப்போ இந்தக் கையை ஊசி அடிச்சு ஒடிக்கலையா?"

அக்கா டோக்கனைப் பார்த்தபடியே சொன்னாள். "அவ என்னைத் தொடவே இல்ல."

ஊசி என்பது தையல் கூடத்தில் இருந்த ஒரு கைதி. வாய்த் துடுக்குக்காரி. அன்றைக்கு இரண்டு மணி ஷிஃப்டுக்கு அக்கா முழுக்கைச் சட்டையோடு, கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு வந்தாள். மூன்று மணிக்குத் தையல் கூடத்திலிருந்து அலறல் கேட்டது. நான் ஓடினேன். அக்கா தரையில் கிடந்தாள். ஊசி இஸ்திரி மேசைக்குப் பின்னால் நின்றாள். இஸ்திரிப் பெட்டியால் அடித்துவிட்டாள் என்றாள் அக்கா. கூடத்தில் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் கைதிகள், அவர்கள் பேச்சு எந்த அம்பலத்தில் ஏறும்? காயப் பதிவேட்டில் கூடவே பணியில் இருப்பவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பார்த்தோமா இல்லையா என்று யோசிக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. நானும் போட்டேன்.

அக்காவை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் ஐந்து பேர் ஊசியைச் சாமான் அறைக்கு இழுத்துக்கொண்டு போனோம். "நான் தொடவே இல்லம்மா, தொடவே இல்ல" என்று கத்தினாள். அந்த வாயை மூடத்தான் லத்தியைத் திருப்பிப் பிடித்து இடித்தேன். முன்பற்கள் இரண்டு தரையில் விழுந்தன. அவளுக்குப் பதினெட்டு மாதம் கூடுதல் தண்டனை கிடைத்தது. நான் பெருமைப்பட்டேன்.

"உங்களை நம்பித்தானேக்கா கையெழுத்துப் போட்டேன்!" அந்த வரிசையிலேயே அவளை அறைந்திருப்பேன்.

"பாக்காமதானே போட்ட?" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "புருஷன் அடிச்சு கை ஒடிஞ்சுதுன்னு தெரிஞ்சா அங்க எவ என்னை மதிப்பா?"

"சிறைக்குத் தெரிஞ்சா உங்க பென்ஷனே போயிடும்."

"தெரியும்."

அவள் எண் வந்தது. எழுந்து போய் நகலைக் கவுண்டரில் வைத்தாள். அதிகாரி படித்துவிட்டு, "பக்காவான ஆதாரம்மா, இது ஒண்ணே போதும்" என்று முத்திரை குத்தினார். சிறைப் பதிவேட்டை அவர் எங்கே பார்க்கப் போகிறார்?

முதல் மாதப் பென்ஷன் வந்த அன்று காலையில் அக்கா என்னைக் கூப்பிட்டாள். ஊசியின் தையல் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் ரோட்டைத் தாண்டிவிடுவேன்.

"வாங்க மேடம். என்ன தைக்கணும்?" என்றாள் ஊசி. இரண்டு பல் இல்லாததால் பேச்சில் காற்று கலந்து வந்தது.

அக்கா நகலை மேசையில் வைத்தாள். ஊசி உதடு அசையப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"அந்தப் பதினெட்டு மாசத்துலதான் என் பொண்ணு என் நாத்தனாரை அம்மான்னு கூப்பிடப் பழகினா" என்றாள். "இன்னிக்கும் அப்படித்தான் கூப்பிடுறா."

அக்கா பண உறையை நீட்டினாள். "இது அவனோட பென்ஷன். இனிமே மாசாமாசம் உனக்குத்தான். சிறைக்குப் போய் உண்மையைச் சொல்லுன்னாலும் சொல்றேன்."

"உன் புருஷன் பென்ஷன் எனக்கு எதுக்கு? அவன் என்னையா கட்டிக்கிட்டான்?" ஊசி சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. "நீ போய்ச் சொன்னா அந்த மாசமெல்லாம் திரும்பி வருமா? அடிச்சதுக்கு உள்ள இருந்தாச்சு. அடிதான் பாக்கி. எந்தக் கை?"

"இடது."

"எதால அடிச்சேன்?"

"இஸ்திரிப் பெட்டியால."

அக்கா புடவைத் தலைப்பை ஒதுக்கிவிட்டுக் கையை மேசைமேல் நீட்டினாள். நான் நடுவில் பாய்ந்தேன். "தள்ளி நில்லுடி" என்று அக்கா அதட்டினாள். அந்தக் குரலுக்கு என் கால் தன்னால் பின்வாங்கியது.

ஊசி பெட்டியின் அடியைத் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது. இரண்டு கையாலும் தூக்கி ஒரே அடி. எலும்பு முறிந்த சத்தம் தெருவில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மேசையின் விளிம்பைப் பிடித்தாள். ஊசி பெட்டியைப் பழைய இடத்தில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"நீ என் பல்லை உடைச்சது எந்தப் பதிவேட்டுலயும் இல்ல" என்றாள். "அவங்களைக் கூட்டிட்டுப் போ."

மருத்துவமனையில் நர்ஸ் புத்தகத்தைத் திறந்தாள். "எப்படிம்மா ஆச்சு?"

"படியில விழுந்துட்டேன்" என்றாள் அக்கா.

நர்ஸ் அவள் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பவில்லை. என் பக்கம் திரும்பினாள். "கூட இருந்தது நீங்கதானே? விழுந்ததைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றேன்.

புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.