சவுக்காரச் சொதி

மொண்டெல்லோக் கடற்கரையில் புதிதாய்த் திறந்த மெக்சிகன் கடைக்கு அம்மா அப்பாவோடு போயிருந்தோம்; என் மகள் ஒரு கிண்ணம் உருகிய சீஸ் வாங்கினாள். பச்சைமிளகாய் கலந்த அந்தச் சூட்டு வாசம் மூக்கில் ஏறியதும், என் சிறுவயதில் கால்சாவில் நாங்கள் இருந்த ஒற்றை அறைக்கே போய்விட்டேன்.

அம்மா வேலைசெய்த வீட்டு எசமானியான சின்யோரா மிஞ்சிய சீஸைக் கொடுத்துவிடுவார். சோப்புக்கட்டி போலிருக்கிறதென்று அப்பா தொடமாட்டார். "உந்தச் சவுக்காரத்தை மனிசர் தின்னுவினமோ?"

அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் துருவிப் பாலில் கரைத்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் மஞ்சளும் போட்டுச் சொதி என்று வைத்தார். "கொப்பருக்குச் சொல்லிப்போடாதை" என்று எனக்கும் ஒரு கரண்டி ஊட்டினார். அப்பா அப்பளத்தை உடைத்துத் தோய்த்துத் தோய்த்துச் சட்டியையே வழித்துவிட்டார். அதற்குப் பிறகு ஞாயிறென்றால் அந்தச் சொதிதான்.

இப்போது அப்பா ஒரு சோளச் சிப்ஸைக் கிண்ணத்தில் தோய்த்து வாயில் போட்டார். நானும் அம்மாவும் அவர் வாயையே பார்த்தோம்.

"உன்ரை சொதிதான் திறம்" என்றார் அம்மாவிடம்.

"அப்ப அது சீஸெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"முதல் நாளே தெரியும். தெரியுமெண்டு சொன்னால் பேந்து எப்பிடி அதைச் சவுக்காரம் எண்டுறது?"

அம்மா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "சவுக்காரம் உங்களுக்கு வேண்டாம்."