மேசையிலிருந்து குதிக்கும் பாடம்

என் கணவர் குதித்தபோது எனக்கு வந்தது பயமா, பொறாமையா? இன்னும் தெரியவில்லை.

அவர் பாயான் லெப்பாஸ் விமானத் திடலில் மெக்கானிக். பாராசூட்டில் குதிக்கக் கற்றுத்தர வந்த வெள்ளைக்காரர் கொடுத்த ஆங்கிலத் தாளை வீட்டில் நான்தான் அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். பாதங்களைச் சேர்த்துவை, முழங்காலைச் சற்று மடக்கு, தரை தொட்டதும் பக்கவாட்டில் உருள். எனக்கு எல்லாம் மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை தரைப் பயிற்சியைப் பார்க்கக் கைக்குழந்தையோடு போனேன். உயரமான மேசையிலிருந்து புல்லில் குதிக்க வேண்டும். இவர் ஏறுமுன் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"என்ன அண்ணே, ஏரோப்பிளேன்லயும் வாசல்ல கழட்டி வச்சிட்டுத்தான் ஏறுவீங்களா?" என்றார் கூடப் பயின்றவர்.

எல்லாரும் சிரித்தார்கள். இவர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு குதித்து, நான் சொன்னபடியே உருண்டார். கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் குழந்தை தூங்கும்போது பெஞ்சிலிருந்து குதித்தேன். நன்றாகவே உருண்டேன். எழுந்த பிறகுதான் யோசித்தேன். கால் முறிந்திருந்தால் பிள்ளையை யார் தூக்குவது?

ஆனாலும் வரும் ஞாயிறு அந்த மேசையில் ஒரே ஒரு முறை ஏற ஆசை. கேட்டால் அவர் முகம் சுருங்குமோ? பிள்ளை பெற்றவள் கேட்கலாமா? என் நிலையில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள்.