வேலிக்கம்பத்து எண்

வெர்னா ஸ்கோக்லண்டின் தேனீத் தொழில் வட டகோட்டாவில் கூட்டு நிறுவனமாகப் பதிவானது. அக்காமார் இருவரும் முதல் போட்டதோடு சரி. ஓட்டமும் பொறுப்பும் கொட்டு வாங்குவதும் ஐம்பத்தாறு வயது வெர்னாவின் பங்கு. கோடை வந்தால் நாற்பது தேனீப் பெட்டிகளை ஆற்றுக்கு அக்கரையில், மினசோட்டாவில், எல்டன் கிழவரின் வயலோரம் இறக்குவாள். இடத்துக்கு வாடகையாகக் கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டி தேன். எழுத்தும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

ஜூலையில் பக்கத்து நிலக்காரன் ப்ரூஸ் ஹேகன், பூ மலர்ந்து தேனீ மேயும் பட்டப்பகலில் பூச்சிமருந்து அடித்தான். நாற்பது பெட்டியும் செத்தது. வெர்னா வழக்குப் போட்டாள். ஹேகனின் வக்கீல் சேதத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெளிமாநில நிறுவனம், இங்கே தொழில் செய்யப் பதிவாகவில்லை, ஆகவே வழக்கு நடத்த முடியாது என்றார். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் பதிவுச் சான்று வராவிட்டால் தள்ளுபடி என்றார் நீதிபதி.

"நான் எங்கடி தொழில் பண்றேன்? தேனீதானே பண்ணுது?" என்றாள் வெர்னா, தன் வக்கீலும் பள்ளித் தோழியுமான பெக்கியிடம்.

"அப்ப தேனீயையே கையெழுத்துப் போடச் சொல்லு. ஃபாரத்தை நிரப்பு, தாயே."

நிறுவனம் உயிரோடு இருப்பதாகச் சொந்த மாநிலத்திலிருந்து ஒரு சான்று வாங்கினாள். மினசோட்டாவில் நீதிமன்றக் காகிதங்களை வாங்கிக்கொள்ள ஒரு முகவரைக் காட்ட வேண்டும். எல்டனின் பெயரை எழுதி, அவருடைய தபால் பெட்டி எண்ணையும் எழுதினாள். அந்த ஊரில் வீட்டுக்குத் தபால் வருவதில்லை. எல்லோரும் தபாலாபீசுப் பெட்டியில்தான் எடுப்பார்கள். புதன்கிழமை விண்ணப்பம் திரும்பி வந்தது: தபால் பெட்டி செல்லாது, ஆள் இருக்கும் இடத்தின் முகவரி வேண்டும்.

வியாழன் காலை எல்டனின் சமையலறையில் போய் உட்கார்ந்தாள்.

"எங்களுக்கு ஏதும்மா முகவரி? தண்ணித் தொட்டி தாண்டி ரெண்டாவது வீடுன்னா எல்லாருக்கும் தெரியும்," என்றார் எல்டன். பிறகு இழுத்தார். "அதோட, ஹேகன் சர்ச்சுல எனக்கு முன் பெஞ்சு..."

"அவன் முதுகைப் பார்த்துப் பயமா உங்களுக்கு?" காபிப் பானையை வைத்துவிட்டுத் திரும்பினாள் அவர் மனைவி மர்ட்டில். "ரோட்டோரம் வேலிக்கம்பத்துல ஆம்புலன்சுக்குன்னு ஒரு நம்பர் அடிச்சாங்களே. உங்க நெஞ்சு அடைச்ச அன்னைக்கு ஃபோன்ல அதைத்தான் கத்தினேன். 4417. செத்தாலும் மறக்காது. எழுதிக்கோ வெர்னா. முகவர் பேரு என் பேரு. நான் எங்க போகப்போறேன்? நாள் பூரா வீட்லதான்."

"மாமி, போலீஸ்காரர் காகிதத்தோட கதவைத் தட்டினா?"

"காபி குடுப்பேன்."

வெள்ளி காலை தலைநகர் வரை வண்டி ஓட்டிப்போய் புது விண்ணப்பத்துக்குப் பெக்கி பதிவு முத்திரை வாங்கினாள். அங்கிருந்தே சான்றை ஃபோனில் படமெடுத்து அனுப்பினாள்; அது பதினொன்று நாற்பதுக்கு நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி அதைப் பார்த்துத் தலையாட்டினார். "வழக்கு தொடரலாம்."

அவ்வளவுதானா? வெர்னாவுக்கு விளங்கவில்லை. நேற்றும் அதே நாற்பது பெட்டி, அதே பிணங்கள். நேற்று இல்லாத நியாயம் இன்று எந்த வழியாக வந்தது? எதிரே ஹேகன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். தான் உயிரோடு இருப்பதாக அவன் எங்கிருந்தும் சான்று வாங்கி வரவில்லை.

பிற்பகலில் பெக்கி திரும்பி வந்ததும், "முதல் சாட்சி," என்றார் நீதிபதி.

வெர்னா எழுந்தாள். பெயரும் முகவரியும் கேட்டார்கள். தன் வீட்டையா, வேலிக்கம்பத்து 4417-ஐயா, எதைச் சொல்வதென்று ஒரு கணம் குழம்பினாள்.