குடியை விட்ட பிறகு மேஸ்திரி

என் அக்கா புருஷன் கட்டட மேஸ்திரி. அவர் பூசிய சுவரில் மேடு பள்ளம் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வேலையிடத்தில், மட்டம் பார்க்கிற கருவியின் பெயரையே வைத்து, ‘ரசமட்டம்’ என்று பட்டப்பெயர். சுவர்தான் நேராக நின்றது, மனுஷன் நின்றதில்லை. இருபது வருஷக் குடி. அக்கா போடாத சண்டை இல்லை, கும்பிடாத சாமி இல்லை.

இப்போது விட்டுவிட்டார் என்று தெருவே மெச்சுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. விட்டது அவரா? ஒருநாள் வேலையில் கண் நிலைகுத்தி, கால் பின்னி விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்குக் குடித்ததும் ஞாபகமில்லை, விட்டதும் ஞாபகமில்லை. சாப்பிடாமல் குடித்துக் குடித்து உடம்பில் சத்து வற்றி, மூளையில் புது விஷயம் பதிகிற இடமே கெட்டுவிட்டதாம்.

“காலியான இடத்தை மூளையே எதையாவது போட்டு நிரப்பிக்கும். அவர் பொய் சொல்லலை, அவருக்கு அது நிஜம்” என்றார் டாக்டரம்மா.

பாதம் மரத்துப்போனதால் காலை அகட்டி நடக்கிறார். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதற்குள், “இன்னும் சாப்பாடு ஆகலையா?” என்பார். அக்கா மறுபடியும் மறுபடியும் பதில் சொல்லி ஓய்ந்துபோனாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆசை, மகள் வீட்டுக்கு வரவேண்டும் என்பது. கடைசிப் பரீட்சை அன்று பள்ளிக்கூட வாசலில் அப்பா போதையில் கிடக்க, தோழிகள் தாண்டிப் போனதை மகள் மறக்கவில்லை. வேலை கிடைத்ததும் வீட்டை விட்டுப் போனவள்தான். “ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கட்டும், வர்றேன்” என்றாள். அக்கா கெஞ்சி, மாமாவைச் சம்மதிக்க வைத்தாள். போன ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள்.

“வாம்மா!” மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பரீட்சை அன்னிக்கு உனக்காக எவ்வளவு நேரம் கேட்டுக்கு வெளியில நின்னேன் தெரியுமா? தண்ணி பாட்டிலோட, அந்த வெயில்ல!”

“ஐயோ, ஏங்க!” அக்கா பதறினாள்.

“நீங்க நிக்கலைப்பா. குடிச்சிட்டு விழுந்து கிடந்தீங்க.”

மாமா யோசித்தார். பிறகு அவளுக்காக நிஜமாகவே வருத்தப்பட்டார்.

“அடப்பாவமே! எவனோ குடிகாரனைப் பார்த்து அப்பான்னு பயந்துட்டியா கண்ணு?”

அவள் திட்ட வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. என் பக்கம் திரும்பினாள். “சித்தி, நான் இனிமே யார்கிட்ட சண்டை போடுறது?”

அவள் விறுவிறுவென்று வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினாள். மாமா காலை அகட்டி அகட்டிப் பின்னாலேயே போனார்.

“வாம்மா, இப்பதான் வர்றியா?”

அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஆமாப்பா, இப்பதான்” என்று செருப்பைக் கழற்றினாள்.