எரியாத களிம்பு

"உங்களுக்கு ரேகையே இல்லையேக்கா" என்றார் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். சும்மா சொல்லவில்லை. என் கட்டைவிரலை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, பத்தாவது பாஸ் செய்த சர்ட்டிபிகேட்டை அவர் மேஜையில் அடித்துவிட்டு வந்திருப்பேன். ரேகை இல்லாமல் யாராவது பிறப்பார்களா?

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு சரக்குக் கிடங்கு அது. பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. நேர்காணல் முடிந்து, எடுத்துக்கொண்டோம் என்றும் சொல்லிவிட்டார்கள். பாக்கி இருந்தது விரலைப் பதிவது ஒன்றுதான். அந்தக் கேட் விரலுக்குத்தான் திறக்கும், ஆளுக்குத் திறக்காது. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன். ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கு. "பத்து நாள் டைம் தரேன், கைய சரி பண்ணிக்கினு வாங்க. அதுக்கு மேல லிஸ்ட்ல அடுத்த ஆளைக் கூப்ட்ருவாங்க. என் கையில ஒண்ணும் இல்லக்கா" என்றார். என் கையில் மட்டும் என்ன இருந்ததாம்!

காசிமேட்டுப் பக்கம் ஒரு கொட்டகையில் பன்னிரண்டு வருஷம் இறால் உரித்த கை இது. காலையிலிருந்து மதியம் வரை ஐஸ் தண்ணீரில் ஊறும். இறாலின் தலைமுள் குத்தும், ஓடு கிழிக்கும். அதெல்லாம்கூடப் போகட்டும். வேலை முடிந்ததும் நாங்கள் செய்கிற ஒரு காரியம் இருக்கிறதே, அதுதான் கையைத் தின்றது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் முந்தானையால் மூக்கைப் பொத்தக்கூடாதே என்று, கொட்டகை கழுவ வைத்திருக்கும் பிளீச்சிங் பவுடரில் ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் குழைத்து, முழங்கை வரை தேய்ப்போம். எரியும். எரிந்தால் சந்தோஷம்தான். "எரியுதா? அப்போ புடிக்குது" என்பார்கள். எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் எந்த மருந்துக்கும் இதுதான் சட்டம். எரியாத மருந்தை யாரும் மதிப்பதில்லை. நேர்காணலுக்கு முந்தின நாள் நான் இரண்டு பிடி எடுத்துத் தேய்த்தேன். நாற்றம் போயிற்று, கூடவே ரேகையும் போயிருக்கிறது.

அதற்கு முன்பே கை கெட்டுத்தான் கிடந்தது. விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. குழம்பில் கை வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். அதனால்தான் அந்தக் கிடங்கு வேலைக்கே மனு போட்டேன். அந்த வேலை கிடைத்தால் கை பிழைக்கும். ஆனால் கை பிழைத்தால்தான் அந்த வேலை. பஸ்ஸில் வரும்போது இதையே நினைத்து நினைத்து எனக்குத் தலை சுற்றியது.

மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். தோல் டாக்டரம்மா என் கையைத் தொடவில்லை, பார்த்ததுமே முகம் சுளித்தார். "தோலுங்கறது ஒரு சுவர்மா. உள்ள இருக்கற ஈரம் வெளிய போகாம, வெளிய இருக்கற அழுக்கு உள்ள வராம காக்கற சுவர். அதை நீயே இடிச்சு வெச்சிருக்கே" என்றார். எங்களுக்குச் சுவரைப் பற்றிச் சொல்லித்தரவேண்டுமா? கடல் வராமல் கல் கொட்டின கரையில் இருக்கிறோம், ஒரு கல் நகர்ந்தாலும் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும். "சோப்பு கூடாது, பிளீச்சிங் கூடாது, தண்ணில கையே வைக்கக்கூடாது. ஒரு பாம் எழுதியிருக்கேன், காஞ்சா உடனே தடவு, ஒரு நாளைக்குப் பத்து தடவையானாலும் தடவு" என்றார். அங்கே மருந்து இல்லை, வெளியே வாங்கச் சொன்னார்கள்.

வீட்டுக்காரர் விசைப்படகில் தங்கல் போயிருந்தார். திரும்பி வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை என்றால் என் மாமியார். அதே கொட்டகையில் எனக்கு முன்னால் முப்பது வருஷம் உரித்தவள், இன்றைக்கும் உரிக்கிறவள். என்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்ததும் அவள்தான். வாய் கொஞ்சம் நீளம், வேலைக்கு அஞ்சமாட்டாள். ரேஷனுக்கு மட்டும் போகமாட்டாள். "முட்டி வலிக்குதுமே, நீ போய்ட்டு வா" என்பாள். காசிமேடு வரை போய்வருகிற முட்டி, தெருக்கோடி ரேஷன் கடைக்கு மட்டும் வலிக்குமாம்.

கையில் காசில்லாததால் மருந்துச் சீட்டை அவளிடம்தான் கொடுத்தேன். அவள் அதைச் சுருக்குப்பையில் திணித்துக்கொண்டு உரிக்கப் போனாள். சாயங்காலம் மருந்துக்கடைக்கு முன்னால் நின்று பையை அவிழ்த்தால், சீட்டு மீன் தண்ணீரில் ஊறிக் கூழாகக் கிடந்திருக்கிறது. அத்தை அசரவில்லை. டாக்டர் சொன்னதைத்தான் நான் வீட்டில் பத்து தடவை சொல்லியிருந்தேனே. "ஒரு பாம் குடு நைனா" என்று கேட்டிருக்கிறாள். வாராவாரம் தலைவலிக்கு வாங்குகிறவள் ஆயிற்றே, கடைக்காரர் வழக்கமான அந்தச் சின்னக் கண்ணாடி டப்பியை எடுத்து நீட்டிவிட்டார்.

டப்பியைத் திறந்ததுமே எனக்கு வாசனை தெரிந்தது. பொய் சொல்லமாட்டேன், நன்றாகத் தெரிந்தது. ஆனால் டாக்டர் சொன்னது பாம், வந்திருப்பதும் பாம். இந்தப் பக்கத்தில் பாம் என்றால் வேறு என்ன? அத்தை தன் விரலால் வழித்து என் வெடிப்பில் வைத்தாள். ஐயோ சாமி! நெருப்பை அள்ளி வைத்த மாதிரி இருந்தது. எழுந்து நின்று குதித்தேன்.

"எரியுதாம்மே?"

"உயிர் போவுது அத்தே!"

"அப்ப புடிச்சிக்கிச்சி. கம்முனு குந்து."

கம்மென்று உட்கார்ந்தேன். அதுதான் கூத்து. இரண்டு நாள், நாளைக்கு ஏழெட்டு தடவை, பல்லைக் கடித்துக்கொண்டு தடவினேன். மூன்றாம் நாள் காலையில் கை இரண்டும் வீங்கிச் சிவந்து நீர் கசிந்தது. விரலை மடக்க முடியவில்லை. டப்பியையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"இதைத் தடவச் சொன்னது யாரு?" என்றார் டாக்டரம்மா.

"நீங்கதாம்மா."

அவர் டப்பியை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு, "என் தப்புதான். களிம்புன்னு சொல்லியிருக்கணும்" என்று சொல்லி, புதுச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். பெரிய மனசு. அவர் தப்பை அவர் ஒப்புக்கொண்டார். வாசனை தெரிந்தும் தடவின நான் என் தப்பை ஒப்புக்கொண்டேனா? இல்லை. வீட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"என் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியே அத்தே! தலவலி மருந்தாமே இது! இன்னும் ஒரு வாரம்தான் கீது, இந்தக் கைய வெச்சிக்கினு நான் எங்க போவேன்? ஒரு கைநாட்ட நம்பி மருந்து வாங்க அனுப்பிச்சேன் பாரு, என்னச் சொல்லணும்!"

அத்தை பதிலுக்கு ஒரு கத்து கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வாய்க்கு நான் ஈடில்லை. ஆனால் அவள் கத்தவில்லை. "நான் இன்னாத்தக் கண்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் "கைநாட்டு" என்கிற வார்த்தை வீட்டுக்குள் அப்படியே நின்றது. அள்ளிவிட முடியவில்லை.

புதுக் களிம்பு ஒரு டியூபில் வந்தது. வெள்ளையாக, வாசனையே இல்லாமல். தடவினால் எரியவே இல்லை. அதுவே எனக்குப் பயம். எரியாத மருந்து என்ன வேலை செய்யும்? ராத்திரி பகல் பார்க்காமல் தடவினேன், மேலே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டேன். ஒரு டம்ளர்கூடக் கழுவவில்லை. துணி, பாத்திரம், மீன், எல்லாம் அத்தை. உரித்துவிட்டு வந்து அதே கையோடு துவைத்தாள். சாப்பாட்டு வேளைக்கு என் முன்னால் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து உருண்டை பிடித்து என் வாயில் ஊட்டினாள். குழம்புக் காரம் என் விரலில் படக்கூடாதாம். ஊட்டும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். திட்டினால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகில் கட்டைவிரலை அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். ஐந்தாம் நாள் வெறும் எண்ணெய்த் திட்டு. ஆறாம் நாளும் அதே. ஏழாம் நாள் எரிச்சல் நின்றது. எட்டாம் நாள் மெலிசாக இரண்டு மூன்று கோடு தெரிந்தது. கத்திவிட்டேன். அத்தை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

பத்தாம் நாள் காலையில் பதற்றத்தில் மூன்று தடவை களிம்பு பூசிக்கொண்டு கிளம்பினேன். புத்தி எங்கே போயிற்றோ! மிஷினில் விரலை வைத்தால் கண்ணாடி முழுக்கப் பிசுக்கு. சிவப்பு விளக்கு. மிஷின்காரர் துடைத்தார். மறுபடி சிவப்பு. எனக்குப் பின்னால் ஆறேழு பேர் வரிசையில் நின்று உச்சுக்கொட்டினார்கள். "இத்தப் போட்டுத் தேய்ங்கக்கா, பிசுக்கு போயிரும்" என்று சானிடைசர் பாட்டிலை என் கைக்கு மேல் கவிழ்க்க வந்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "வேணாம் சார்! அது எரியும்!" நானா அப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம்.

முந்தானையில் துடைத்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி. வலது கட்டைவிரல், சிவப்பு. ஆள்காட்டி விரல், சிவப்பு. "அக்கா, இன்னும் ஒரு தடவதான்" என்றார். இடது கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் நின்றவர்களில் யாரோ கை தட்டினார்கள். பத்தாவது படித்து, நீட்டி நெளித்துக் கையெழுத்துப் போடுகிறவள், கடைசியில் ஒரு கைநாட்டுக்காகத்தான் இந்தப் பாடு பட்டேன் என்பது கேட்டைத் தாண்டி வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும், "ரேகை ஏறிச்சி அத்தே!" என்றேன். "கடல்தாயி கண்ணத் தொறந்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தச் சண்டைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசின முதல் பேச்சு. அந்தச் சந்தோஷத்தில் தட்டைக் கவிழ்த்து என் கட்டைவிரலை அழுத்திக் காட்டினேன். கோடு கோடாக விழுந்தது. "நீயும் வையேன், பாப்போம்" என்றேன் விளையாட்டாக. மாட்டேன் என்றாள். நான் விடாமல் அவள் கையைப் பிடித்து இழுத்து, என் ரேகைக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினேன்.

ஒரு கோடுகூட இல்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மொழுமொழுவென்று வெறும் திட்டு.

"வராதும்மே" என்றாள் அத்தை. "ரேசன் மிசினுலயே ரெண்டு வருசமா வர்ல. அத்தினி பேரு முன்னாடி வெச்சி வெச்சி எடுக்கச் சொன்னான். பேஜாராப் பூட்ச்சி. அத்தொட்டுதான் உன்ன அனுப்பிக்கினு கீறேன்."

கைநாட்டு வைக்கக்கூட ரேகை இல்லாதவளையா அந்த வார்த்தை சொன்னேன்? மன்னிப்பு என்றெல்லாம் எங்கள் வீட்டில் பேசிப் பழக்கமில்லை. டியூபை எடுத்துப் பிதுக்கி, அவள் கையை என் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் தடவ ஆரம்பித்தேன். வெடிப்பு என்னுடையதைவிட ஆழம். இந்தக் கையோடுதான் ஒரு வாரம் எனக்குச் சோறு பிசைந்திருக்கிறாள்.

"எரியலியேம்மே" என்றாள். "புடிக்குமா?"

"புடிக்கும் அத்தே. அடுத்த மாசம் ரேசனுக்கு நீதான் போற."

அவள் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முட்டி வலிக்குதுமே" என்றாள். கையை மட்டும் என் மடியிலிருந்து எடுக்கவில்லை.